போற வழிதானே

ஜனவரி 5, திங்கள்

பனி. கால்வாய்க் கரையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. 6 கி.மீ., பாதி ஓட்டம், பாதி நடை. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. அந்தப் பாட்டின் வேகத்துக்கு ஓடினால் மூச்சு வாங்குவதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

வாங்க: ஷூ லேஸ், முருங்கைக்கீரை, ஆர்த்தியின் பிராக்டிகல் நோட்டுக்கு பிரவுன் அட்டை. கேஸ் புக் பண்ண.

ஜெனிபர் செய்த வேலை இது. அவள் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள், நான் பக்கத்து அறையில் ரத்தம் எடுக்கிறவள். பாளையங்கோட்டையில் பிப்ரவரி 22 அரை மாரத்தான். 21 கி.மீ., மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால்தான் மெடல். "யக்கா, நாம ரெண்டு பேரும் போவோம்" என்று கேட்காமலே இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாள். டிசம்பரில் அவளுக்கு முட்டு வலி வந்துவிட்டது. இப்போது நான் மட்டும்.

நானும் விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குக் கூடங்குளத்தில் காண்ட்ராக்ட் வேலை, சனிக்கிழமைதான் வீடு. மற்ற நாளெல்லாம் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "அம்மா, டிபன்", "சிஸ்டர், ரிப்போர்ட்", "யக்கா, சில்லறை". காலை இந்த ஒரு மணி நேரம் மட்டும் யாருக்கும் என்னால் ஒரு உபயோகமும் கிடையாது. அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

திரும்பும்போது பாலத்தில் முத்தையா அண்ணாச்சி. எங்கள் ஒரு ஏக்கரையும் அவர்தான் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார்.

"யம்மா, மேலப்பத்து மடை வரைக்கும் போறியோ?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப நாளைக்குப் போகையில ஷட்டரு தொறந்துருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு. போற வழிதான."

சரி என்றேன். அதில் என்ன.

மதியம் கூட்டமில்லாத நேரத்தில் என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் பத்துக்குக் கொஞ்சம் கீழே. ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் கொடுக்கிறவள் லட்சணம்.

ஜனவரி 8, வியாழன்

6 கி.மீ. பனி குறைவு. மயில் ஒன்று பாதையை விடவே மாட்டேன் என்றது. கடைசியில் நான்தான் ஒதுங்கினேன்.

ஷட்டர் திறந்திருந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "எம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி கெடக்கு?" பார்க்கவில்லை என்றேன். "நாளைக்குப் பாத்துருங்க, கல்லுல கோடு போட்டுருக்கும்."

விஷயம் இதுதான். மேலப்பத்தில் எல்லாம் வாழை. கீழப்பத்தில் நாங்கள் நெல், கடைமடை. ஆற்றிலிருந்து வருகிற கால்வாய்த் தண்ணீரை அவர்கள் மடையைத் திறந்து எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் எங்களுக்கு. எங்கள் ஆட்கள் யாராவது தினமும் மூன்று கி.மீ. மேற்கே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியது. இப்போது ஒரு ஆள் சும்மாவே போகிறாள்.

ஆர்த்தி என் ஓட்டத்துக்கு அட்டவணை போட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். ஞாயிறு நீண்ட ஓட்டம், திங்களும் வெள்ளியும் ஓய்வு. "யம்மா, ஓய்வுன்னா ஓய்வுதான். அன்னைக்குப் பரண கிளீன் பண்ணாத." பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு என்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

9 கி.மீ. முதல் முறை. கடைசி ஒன்றில் குதிகாலிலிருந்து இடுப்பு வரை ஒரே கம்பி.

அவர் நேற்று இரவு வந்தார். வள்ளியூரில் பஸ் மாறி, உட்கார இடமில்லாமல் நின்றே வந்தாராம். நான் திரும்பும்போதும் தூக்கம். எழுப்பி 9 கி.மீ. என்றேன். கண்ணைத் திறக்காமல், "மடையில தண்ணி வருதா?"

ஜெனிபரின் அம்மாவுக்கு ஊர் உடன்குடி. கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறாள். எள்ளோடு இடித்து உருண்டை பிடித்தேன். ஓடும்போது ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் நல்ல தெம்பு. உமிழ்நீர் இனிப்பாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் முடிந்தது. மூன்று நாள் ஓட்டம் இல்லை. பனங்கிழங்கு, கரும்பு, மறுபடி பனங்கிழங்கு. வயிறு கல்.

என்னை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் 'கீழப்பத்து தண்ணீர்'. இருபது ஆண்கள், நான். முதல் செய்தி: வணக்கம் சகோதரி, தினமும் காலை தகவல் போடவும்.

ஜனவரி 19, திங்கள்

அட்டவணைப்படி ஓய்வு. நேற்று 11 ஓடியதற்கு. ஆறரைக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன், வாசலில் மு. அண்ணாச்சி. கூட ஒருவர்.

"என்னம்மா, மேலுக்கு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி. இன்னைக்கு ஓட்டம் கிடையாது."

"லீவா?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்க யாரையாவது அனுப்பிருப்போம்லா."

மன்னிப்புக் கேட்டேன்! கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடாததற்கு மன்னிப்பு. அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. ஆர்த்தி சிரித்துச் சிரித்து புரையேறி தண்ணீர் குடித்தாள்.

பஸ்ஸில் முழுக்க அதே நினைப்பு. ஓசியில் பார்க்கிற வாட்ச்மேன் வேலைக்கு லீவ் லெட்டர் வேறு.

ஜனவரி 21, புதன்

7 கி.மீ. மேலப்பத்து மடைக்குக் கீழே கால்வாயின் குறுக்கே மணல் மூட்டைகள். ராத்திரி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் முழுதும் வாழைக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் கணுக்கால் அளவு சேறு, அதில் கொக்குகள்.

குரூப்பில் போட்டேன். உடனே, "எத்தன மூட்ட?" எண்ணிப் போட்டேன். போட்டோ கேட்டார்கள். அதையும் எடுத்தேன். கெட்டிக்காரி என்று நாலைந்து கைகூப்புகள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

பயிர் கதிர் விடுகிற நேரம். இப்போது காய்ந்தால் பதர்தான். இது எனக்கும் தெரியும்.

ஜனவரி 22, வியாழன்

நேற்று மத்தியானம் எங்கள் ஆட்கள் கடப்பாரையோடு போய் மூட்டைகளை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாய்ச்சண்டை, தள்ளுமுள்ளு. ஒருவர் சட்டை கிழிந்தது. "நர்சம்மா போட்டோவே எடுத்துருக்காவ" என்று அவர்கள் முகத்துக்கு நேரே என் போனிலிருந்து போன படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

நான் நர்ஸ் கிடையாது என்று இந்த ஊரில் இனி யாருக்கும் புரியவைக்க முடியாது. அது கிடக்கட்டும். என் பெயரை அங்கே எதற்கு இழுக்க வேண்டும்?

லேபில் ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தரம் குத்த வேண்டியதாயிற்று. கவனம் இங்கே இல்லை.

ஜனவரி 24, சனி

கரையில் உடைமுள். பாதையை அடைத்து வெட்டிப் போட்டிருக்கிறார்கள், மேலப்பத்துக்கு அரை கி.மீ. முன்னாலேயே. இருட்டில் கவனிக்காமல் மிதித்துவிட்டேன். ஷூவைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருக்கும்போது டார்ச் வெளிச்சம். இசக்கி. பாதையை ஒட்டி இருக்கிற வாழை அவருடையது. அதுவரை பேசியதில்லை.

"தெனமும் வாரிய, வாட்சப் பாக்கிய, எங்க மடையப் பாக்கிய, திரும்பி ஓடுதிய. யாருக்கு உளவு?"

"உளவெல்லாம் இல்ல. நான் ஓடத்தான் வாரேன்."

"ஓட வந்தவிய எதுக்குச் சாக்க எண்ணுதிய?"

எண்ணியது உண்மைதானே.

நொண்டிக்கொண்டே வீடு. டி.டி. ஊசி. நாளை 13 கி.மீ. என்று பிரிட்ஜில் இருக்கிறது. ஆர்த்தி வந்து அதைப் பேனாவால் கோடு போட்டு அடித்தாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. முள் குத்தியதற்கு இல்லை. என் ஒரு மணி நேரத்தை நானே தூக்கி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன், அதற்கு.

ஜனவரி 29, வியாழன்

கால் ஆறிவிட்டது. இன்றிலிருந்து கிழக்கே, திருச்செந்தூர் ரோடு. 6 கி.மீ. தார் ரோடு முழங்காலைத் தட்டுகிறது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுக் கையை ஆட்டுகிறார்கள், எதற்கு என்று தெரியவில்லை. ஆனால் யாரும் எதையும் கேட்கவில்லை. முதல் நாள் மாதிரி இருந்தது.

பாலத்தில் மு. அண்ணாச்சி காத்திருந்தார். மடைப் பக்கம் போகவில்லை, இனி ரோட்டில்தான் என்றேன். முள்ளையும் சொன்னேன்.

வருத்தப்பட்டார். உண்மையாகவே. பிறகு பைய, "அதுக்கில்லம்மா... ரோட்டுல ஓடி என்ன பிரயோசனம்?"

குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது, பஸ்ஸில், எல்லா இடத்திலும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரயோசனம் இல்லை அண்ணாச்சி. அதற்காகத்தான் ஓடுகிறேன். அவர் நேரே நின்றபோது சொன்னது, "பாப்போம் அண்ணாச்சி."

ஜனவரி 31, சனி

நாளை தைப்பூசம். ரோடு முழுக்க பாதயாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டி, காவி வேட்டி, வேல் வைத்த தள்ளுவண்டி, ஸ்பீக்கர். அவர்கள் போகிற பக்கமே நானும் ஓடினேன்.

ஓர் அம்மா, தலையில் மூட்டை, காலில் செருப்பில்லை: "என்ன நேர்ச்ச தாயி, ஓடியே வாரேன்னு நேந்தியளா?"

இல்லை என்றால் விளக்க வேண்டும். ஆமா என்றேன்.

"பாவம், எம்புட்டுத் தூரம் ஓடுது பிள்ள" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். செருப்பில்லாமல் திருச்செந்தூர் வரை நடக்கிறவர் என்னைப் பார்த்துப் பாவம் என்கிறார். சிரிப்பை அடக்கியதில் விலாவில் பிடித்துக்கொண்டது. அன்னதானப் பந்தலில் கூப்பிட்டுச் சுக்குக் காபி கொடுத்தார்கள். மறுக்க முடியவில்லை, நேர்ச்சை ஆளாயிற்றே.

14 கி.மீ.!! ஞாயிறுக்குப் பதில் இன்றே முடித்தாயிற்று. முருகன் மன்னிக்கட்டும்.

பிப்ரவரி 4, புதன்

ஓட்டம் இல்லை. ஆர்த்திக்குக் காய்ச்சல், இரவெல்லாம் ஈரத்துணி. லேபுக்கு லீவ்.

அவர் போன் பண்ணினார். மு. அண்ணாச்சி அவரிடம் பேசியிருக்கிறார். ஒரு வாரமாகத் தண்ணீர் சரியாக வரவில்லை, கதிர் பால் பிடிக்கிற நேரம் என்று.

"நீ ஏன் மடப் பக்கம் போமாட்டேங்குத? எப்பிடியும் ஓடத்தான செய்யுத. போற வழிதான?"

"முள்ளு போடுதாங்க."

"வெலக்கிட்டுப் போ."

"நீங்க சனிக்கெழம வருவீகல்லா, ஞாயித்துக்கெழம காலையில நீங்க போயிப் பாருங்களேன்."

"எனக்கு வாரத்துல ஒரு நாளுதான ஒறக்கம்."

எனக்கு அந்த ஒரு நாளும் கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆர்த்தி முனகினாள், வைத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போகிறார். ஆனால் அவருடைய தூக்கம் தூக்கம், என் ஓட்டம் மட்டும் போகிற வழி.

ரோட்டில் தினமும் ஓட முடியாது. முட்டு வீங்குகிறது. கரையின் செம்மண்தான் காலுக்கு நல்லது. இசக்கியிடம் நேரே போய்க் கேட்டுவிடலாமா?

பிப்ரவரி 8, ஞாயிறு

கேட்டேன். அவர் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒங்க மடையும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். பாத மட்டும் விடுங்க."

"எம்புட்டுத் தூரம் ஓடுவிய?"

"இருவத்தோரு கிலோமீட்டரு ஓடணும், ரெண்டு வாரத்துல."

"பரிசு உண்டோ?"

"கெடையாது. நாமதான் காசு கட்டணும்."

கம்பைக் கீழே போட்டார். "காசு கட்டி ஓடுதியளா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வரப்பில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, "ஏட்டி, இவியள கேளு, காசு குடுத்து ஓடுதாவளாம்." அந்த நிமிஷமே அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. இவ்வளவு கூறுகெட்டவள் உளவு பார்க்க மாட்டாள் என்று முடிவு கட்டியிருப்பார். முள்ளைத் தானே இழுத்து ஓரத்தில் போட்டார்.

கிளம்பும்போது, "நர்சம்மா, ஒரு ஒதவி. சுகரு பாக்கணும்னா டவுனுக்கு வெறும் வயித்தோட பஸ் ஏற வேண்டியிருக்கு, தல சுத்துது. நீங்க வெள்ளன இங்கனதான வாரிய. அந்த விரல்ல குத்துத மிசின கொண்டு வந்தா என்ன? போற வழிதான."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இடுப்புப் பையில்: கருப்பட்டி உருண்டை, போன், வீட்டுச் சாவி, குளுக்கோமீட்டர், ஊசி, பஞ்சு. ஓடும்போது கலகலவென்று சத்தம், ஐஸ்காரன் மணி மாதிரி.

இசக்கிக்கு அதிகம், 210. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறாராம், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று. திட்டினேன். மடைக் கல்லில் உட்கார்ந்து இன்னும் இருவர் விரலை நீட்டினார்கள்.

திரும்பும்போது மு. அண்ணாச்சி மலர்ந்த முகம். "பாத தொறந்துட்டாமே! தண்ணி?" சொன்னேன். பார்க்காமல் வர முடியவில்லை, மடை மேலேயே உட்கார்ந்து அல்லவா ரத்தம் எடுத்தேன்.

மேலே சுகர், கீழே தண்ணீர். நடுவில் ஓட்டம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

18 கி.மீ. ஓட வேண்டிய நாள். போட்டிக்கு முன் கடைசி நீண்ட ஓட்டம். இதை முடித்தால்தான் 21 வரும், இல்லாவிட்டால் நம்பிக்கை வராது என்று ஆர்த்தி பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரையில் மூன்று முறை போய்வரத் திட்டம்.

இன்று சிவராத்திரி. மடையில் பதினோரு பேர். வரிசையாக. பெண்கள் தலைக்குக் குளித்து ஈரக் கொண்டையோடு.

"இன்னைக்கு எல்லாருக்கும் வெரதம் பாருங்க. எப்பிடியும் வெறும் வயிறுதான், தோதா இருக்குமேன்னு சொல்லிவிட்டேன்" என்றார் இசக்கி, எனக்கு நல்லது செய்த முகத்தோடு.

பதினோரு விரல். ஒவ்வொருவருக்கும் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது. ஓர் அம்மாவுக்கு விரத முடிவில் பாயசம் ஒரு வாய் குடிக்கலாமா என்று அனுமதி வேண்டும். முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. உடம்பு ஆறி, தொடை இறுகி, மறுபடி ஓட ஆரம்பித்தால் இரண்டு கி.மீ.க்கு மேல் இழுக்கவில்லை. மிச்சம் நடை. ஓடியது மொத்தம் ஐந்து.

பாலத்தைத் தாண்டி, யாரும் இல்லாத இடத்தில் அழுதேன். அவர்கள் மேல் கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் தப்பாகக் கேட்கவில்லை. எல்லாம் நியாயமான காரியம், கைக்கு எட்டுகிற காரியம். அதனால்தான் தப்பிக்க வழியே இல்லை.

போன்: "சகோதரி, இன்று தகவல் வரவில்லை."

பிப்ரவரி 18, புதன்

4 கி.மீ., மெதுவாக. இந்த வாரம் இவ்வளவுதான் ஓடலாமாம்.

குரூப்பில் டைப் பண்ணினேன்: இனிமேல் நான் மடை பார்க்க மாட்டேன். அழித்தேன். இனிமேல் இயலாது என்று. அழித்தேன். கடைசியில் போட்டது: ஞாயிறு நான் ஊரில் இல்லை.

பதில் ஒரு நிமிஷத்தில்: "அப்ப சனிக்கிழமை ரெண்டு வாட்டி பாத்துருங்க."

ஜெ.யிடம் காட்டினேன். அவள் பில் கவுன்டரில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "யக்கா, நீங்க ஒருக்காவது முடியாதுன்னு சொல்லிருக்கியளா? எனக்குச் சொல்லிருக்கியளா?" யோசித்தேன். இந்த மாரத்தானே அப்படி வந்ததுதான்.

பிப்ரவரி 21, சனி

நம்பர் சீட்டு, ஊக்கு நாலு, கருப்பட்டி உருண்டை நாலு. ஷூ துடைத்தாயிற்று. குளுக்கோமீட்டரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அவர் வந்துவிட்டார். காலையில் தானே பைக்கில் கொண்டு விடுவதாகச் சொல்கிறார். நாலு மணிக்கு எழ வேண்டும் என்றேன். "எந்திப்பேன்" என்றார். பார்ப்போம்.

18 ஓடாமல் 21 எப்படி? பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். அவர் எனக்கு முன்னாலேயே எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் ஒரே கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள், போலீஸ் வேலைக்குத் தயாராகிற பையன்கள். சுடிதாரில் நானும் இன்னும் மூன்று நான்கு பேரும். மைக்கில் ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார், ஒன்றும் காதில் விழவில்லை.

முதல் ஐந்து சும்மா போனது. ஆற்றுப் பாலத்தில் காற்று. பத்து வரை நன்றாகவே இருந்தேன்.

ரோட்டோரம் மேஜை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு பள்ளிப் பிள்ளை, இரட்டைச் சடை, கூடவே ஓடி வந்து வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். "எடுத்துக்கோங்க ஆன்ட்டி." வாங்கினேன். அடுத்த மேஜையில் எலுமிச்சைச் சாறு. அதற்கடுத்து ஒரு பெரியவர் ஈரத்துண்டு. என்னிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது வாழைப்பழத்தில் அழுகை வந்துவிட்டது, மென்றுகொண்டே அழுதேன். பக்கத்தில் ஓடிய பையன் பயந்துபோய், "ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா?" வேண்டாம், பழம் நல்லா இருக்கு என்றேன்.

பதினாறுக்கு மேல் கால் என்னுடையதாக இல்லை. ஓரிடத்தில் ரோட்டை ஒட்டிக் கால்வாய், அதில் ஒரு மடை. கழுத்து தானாகத் திரும்பியது. தண்ணீர் எந்த உயரம் என்று கண் போய்விட்டது! சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசி மூன்று நடையும் ஓட்டமும். பின்னால், விழுகிறவர்களை ஏற்றிக்கொள்கிற வேன் உறுமிக்கொண்டே வந்தது. அதில் ஏறமாட்டேன், ஏறமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்று மணி நேரத்துக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்க முடித்தேன். ஜெ. கத்திய கத்தல் மைக்கை விடப் பெரிது. ஆர்த்தி கட்டிக்கொண்டு, "வேர்வ நாத்தம்மா" என்றாள், விடவில்லை. அவர் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாரோ. "கடைசியில நீ வாரதப் பாத்தேன். வந்துருவேன்னு தெரிஞ்சிது" என்றார்.

பைக்கில் மூன்று பேரும் வீட்டுக்கு. சிக்னலில் அவர், "கறிக்கட போற வழிதான, அரக் கிலோ எடுத்துட்டுப் போயிருவமா?" நானும் ஆர்த்தியும் சிரித்த சிரிப்பில் பைக் ஆடியது. அவருக்குப் புரியவில்லை. கழுத்தில் மெடலோடு கறிக்கடை வாசலில் நின்றேன்.

குரூப்பில் காலையிலிருந்து: "இன்னைக்கு மடை பாத்தது யாரு?" "நீ பாக்கலியா?" "நான் நீ பாப்பேன்னு இருந்தேன்." கடைசியாக மு. அண்ணாச்சி ஒரு போட்டோ. பாதி அவருடைய விரல், பாதி ஷட்டர். தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

தொடை வலியில் லேப் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். எல்லோரும் வேடிக்கை.

மெடல் ஆணியில், காலண்டருக்குப் பக்கத்தில்.

பிப்ரவரி 26, வியாழன்

பனி போய்விட்டது. விடியும்போதே வெக்கை. தொடை வலி தீர்ந்தது. பிரிட்ஜில் அட்டவணை இல்லை, ஆர்த்தி கிழித்துவிட்டாள். இன்று ஓட ஒரு காரணமும் கிடையாது. போனேன்.

கரையில்தான். மேலப்பத்து மடை வரை. இசக்கி வாழைக்குள்ளிருந்து விரலை நீட்டிக் காட்டினார். "லேபுக்கு வாங்க, எட்டர மணிக்கு இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே தாண்டினேன். நிற்கவில்லை. அவர் விரலை மடக்குவது தெரிந்தது. மடைக்கல்லைத் தொட்டுத் திரும்பும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் ஓடுகிற சத்தம் என்று பார்க்கவில்லை. பாதையை மட்டும் பார்த்தேன். அது 21 கி.மீ.யை விடக் கஷ்டமாக இருந்தது.

பாலத்தில் மு. அண்ணாச்சி, மொபெட்டில் சாய்ந்துகொண்டு.

"யம்மா, தண்ணி எப்பிடி?"

"பாக்கல அண்ணாச்சி."

"மட வரைக்கும் போகலியோ?"

"போனேன்."

"போயிட்டுப் பாக்காமலா வந்தே? பொறவு என்னத்துக்குப் போனே?"

"ஓடத்தான்."

என் முகத்தைப் பார்த்தார். குனிந்து ஷூவைப் பார்த்தார். இரண்டு உதை, மூன்றாவதில் மொபெட் கிளம்பியது. மேற்கே, மடைப் பக்கம் போனார்.